முகம் பார்த்தால்தான் பாசமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் முன்னோர் வாக்கு. தமிழர் முகத்துக்குக் கொடுத்துள்ள மதிப்பை நம் அன்றாடப் பேச்சே சொல்லும். விருந்தினரை வரவேற்றுச் சொல்வது முகமன். மறுக்க மனமின்றி ஒப்புக்கொள்வது முகதாட்சண்யம். வியாபாரம் செழித்தால் அது கடைக்காரரின் முகராசி. காரியம் கெட்டாலோ, 'இன்று யார் முகத்தில் விழித்தேனோ' என்கிறோம். கோபம் கொண்டவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வள்ளுவப் பெருந்தகையும் 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். ஒன்று பொருட்பாலில், மற்றொன்று காமத்துப்பாலில். அரசன் முன் நிற்கும் அமைச்சனுக்கும், காதலி முன் நிற்கும் காதலனுக்கும் முகம் படிக்கும் கல்வி வேண்டும் என்பது அவர் கருத்து எனலாம்.

இவையெல்லாம் சரியே. ஆனால் முகம் படிக்கும் இந்தக் கல்வி எல்லாருக்கும் ஒரே அளவில் வாய்த்திருக்கிறதா? அது எளிதில் வாய்க்காத குழந்தை ஒன்று நம் வீட்டில் பிறந்தால், அதன் அன்பை எந்த அளவுகோல் கொண்டு அளப்பது? இதுவே என் கேள்வி. ஆட்டிசம் என்னும் நிலை உள்ள குழந்தைகளைப் பற்றியே பேசுகிறேன். மதியிறுக்கம் என்றும் தற்புனைவு ஆழ்வு என்றும் இதற்குத் தமிழில் பெயர் சொல்கிறார்கள். மக்கள் வாயில் வழங்குவது ஆட்டிசம் என்பதே ஆதலால் அச்சொல்லையே இங்கு ஆள்கிறேன்.

ஒரு தாயின் கேள்வி

இதனை நான் எழுத ஒரு காரணம் உண்டு. என் அக்காள் மகனுக்கு வயது ஆறு. மூன்று வயதிலேயே ஆட்டிசம் என்று மருத்துவர் கூறிவிட்டார். என் தந்தை மண்டியில் மூட்டை தூக்குபவர். அக்காள் பீடி சுற்றுகிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. ஆகவே வீட்டிற்கு எந்தக் காகிதம் வந்தாலும், எந்தக் கேள்வி பிறந்தாலும், அது கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும்.

அந்தப் பிள்ளை யாருடைய முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பது அரிது. என்னை அவன் கண்டுகொள்வது என் சைக்கிள் மணி ஓசையால். முடி வெட்டிக்கொண்டு, சைக்கிள் இல்லாமல் நடந்து வந்தால் அவனுக்கு நான் அயலான். 'மாமா வந்திருக்கேன்டா' என்று குரல் கொடுத்ததும் ஓடி வந்து கையைப் பற்றிக்கொள்வான். சென்ற ஆண்டு கோவில் கொடையின்போது, தன் தாய் கட்டியிருந்ததைப் போன்ற பச்சைச் சேலை உடுத்திய வேறொருத்தியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டான். கண்டவர்கள் சிரித்தார்கள். 'பெத்த தாயத் தெரியாத பிள்ள' என்றாள் ஒரு பாட்டி. 'நீ அவனுக்கு முகம் குடுத்து வளக்கல, எப்பவும் பீடித் தட்டையே பாத்துக்கிட்டு இருந்த' என்று பழி போட்டனர் உறவினர்.

பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் நடந்தது அதனினும் கொடுமை. அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, 'என்னப் பாத்து உம் பேரச் சொல்லு' என்றார் அங்கிருந்தவர். பிள்ளை காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றிரவு அக்காள் என்னிடம் கேட்டாள்: "தம்பி, நீ காலேஜில படிக்கிறவன். நீயே சொல்லு. எம்புள்ள எம்முகத்தப் பாக்க மாட்டேங்கான்னா, அவனுக்கு எம்மேல பாசம் இல்லன்னா அர்த்தம்?"

அக்கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே, என் கருத்துடன் சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன்.

பழி சுமந்த தாய்மார்

1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் பற்றிய இன்றைய அறிவு அங்கிருந்துதான் கிளை விடுகிறது. பொருள்களோடு இசைந்து விளையாடிய அக்குழந்தைகள், மனிதர்களின் முகங்களை நாடவில்லை என்பதை அவர் குறித்தார். ஆனால் அதனோடு நிற்கவில்லை. பெற்றோரின் அன்பில் குளிர்ச்சி இருந்ததாகவும் எழுதினார். அந்தப் பொறி பின்னர் பெரு நெருப்பாயிற்று. 'குளிர்பதனப் பெட்டித் தாய்மார்' என்ற கொடிய பட்டப்பெயர் பிறந்தது. சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் வெளியிட்ட நூல் இப்பழியை ஊரறியப் பரப்பியது.

உண்மை இதற்கு மாறானது என்று 1964ஆம் ஆண்டிலேயே வாதாடியவர் பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் உளவியல் அறிஞர் மட்டுமல்லர். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் ஆவார். இது வளர்ப்பின் பிழையன்று, உடலியல் சார்ந்தது என்று அவர் நிறுவ முயன்றார். 1969இல் பெற்றோர் கூடிய ஒரு மாநாட்டில், கானரே பெற்றோர்மீது குற்றமில்லை என்று கூறினார். பிந்தைய ஆராய்ச்சிகள் ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது என்று காட்டியுள்ளன.

அறிவியல் உலகம் அந்தப் பழியைத் துறந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. நம் தெருக்களிலோ அது இன்றும் உலவுகிறது. அன்று குளிர்பதனப் பெட்டி; இன்று பீடித் தட்டு. வேறுபாடு அவ்வளவே.

முகத்தை அறிவது எப்படி?

முகத்தை அடையாளம் காண்பது எளிய செயல் என்று எண்ணுகிறோம். கைபேசிகூட முகம் பார்த்துப் பூட்டைத் திறக்கும் காலம் இது. உண்மையில் மூளை செய்யும் வேலைகளில் இது மிக நுட்பமான ஒன்று. எல்லா முகங்களிலும் இரண்டு கண்கள், ஒரு மூக்கு, ஒரு வாய். அமைந்திருக்கும் வரிசையும் ஒன்றே. இடைவெளிகளில் உள்ள சிறு வேற்றுமைகளைக் கொண்டே ஆயிரக்கணக்கானவர்களை நாம் பிரித்தறிகிறோம்.

இந்த மலரில் இடம்பெறும் குழுப்படங்களில் ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். நாள்தோறும் அருகில் அமரும் நண்பனையே கண்டுபிடிக்கத் திணறுவீர்கள். வீடு, நாற்காலி போன்றவற்றின் படங்களைத் தலைகீழாக்கினால் இவ்வளவு தடுமாற்றம் இல்லை. 1969இல் இராபர்ட் யின் என்பவர் இதனைச் சோதனையால் காட்டினார். நாம் முகத்தைத் துண்டு துண்டாகப் படிப்பதில்லை. முழுமையாக, ஒரே வீச்சில் படிக்கிறோம் என்பதற்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எப்படிப் படிக்கிறார்கள்? இலண்டனில் டிம் லேங்டெல் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி எனலாம். குழந்தைகளுக்கு அவர்களுடைய பள்ளித் தோழர்களின் படங்களையே, சில பகுதிகளை மறைத்துக் காட்டினார். மற்றக் குழந்தைகளுக்குக் கண் உள்ள மேற்பாதி உதவியது. ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளோ வாய் உள்ள கீழ்ப்பாதியைக் கொண்டு தோழர்களை நன்கு கண்டுகொண்டார்கள். இன்னொரு வியப்பும் உண்டு. தலைகீழான முகங்களை அடையாளம் காண்பதில், ஆட்டிசம் உள்ள மூத்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே தவறு செய்தனர்.

ஆட்டிசம் உள்ள எல்லாரும் ஒரே மாதிரி அல்லர். முகம் அறிவதில் எத்தடையும் இல்லாதவர்களும் அவர்களில் உண்டு. 2012இல் சாரா வைகெல்ட் முதலானோர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். இரண்டு முகங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதைக் காட்டிலும், பார்த்த முகத்தைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர்வதே அவர்களுக்குப் பெரிதும் இடராக உள்ளது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதாவது கண்ணில் குறையில்லை. முகத்தை மனத்தில் இருத்துவதில்தான் கடினம். பாட்டி சொன்னதுபோல் 'தாயைத் தெரியாத பிள்ளை' அல்லன் அவன். கூட்டத்தில், ஒரு நொடியில், முகம் ஒன்றை மட்டுமே கொண்டு தேடுவதுதான் அவனுக்கு அரிது. பச்சைச் சேலை அவன் பற்றிக்கொண்ட கைப்பிடி.

கண்ணைப் பார்க்கச் சொல்லுமுன்

மூளையின் அடிப்புறத்தில் பியூசிபார்ம் என்றொரு மடிப்பு உள்ளது. முகங்களைக் காணும்போது அதில் ஒரு பகுதி தனிச் சுறுசுறுப்பு அடைகிறது என்று 1997இல் நான்சி கான்விஷரும் அவர் குழுவினரும் காட்டினர். ஆட்டிசம் உள்ளவர்களிடம் அப்பகுதி குறைவாகவே இயங்குகிறது என்று 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வந்தது. 'ஆகா, முகம் அறியும் இடமே பழுது' என்று பலர் முடிவு கட்டினர். அந்த முடிவு நிலைக்கவில்லை.

2005இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். டிஜிமான் என்னும் ஜப்பானிய கேலிச்சித்திரப் பாத்திரங்களில் பெரும் ஈடுபாடு கொண்ட, ஆட்டிசம் உள்ள சிறுவன் ஒருவன். மனித முகங்களுக்கு அசையாத அவனது பியூசிபார்ம் மடிப்பு, டிஜிமான் உருவங்களைக் கண்டதும் விழித்துக்கொண்டது! விளக்கு கெடவில்லை, அது வேறு சுவிட்சுக்கு எரிந்தது.

அதே ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் மற்றொன்றைக் கண்டனர். அச்சம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடையது அமிக்டலா என்னும் மூளைப்பகுதி. ஆட்டிசம் உள்ளவர்கள் படத்திலுள்ள கண்களை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, அவ்வளவுக்கு அவர்களது அமிக்டலா கிளர்ச்சியுற்றது. நமக்கு இதமான ஒரு பார்வை அவர்களில் சிலருக்கு நண்பகல் வெயிலை நேரே நோக்குவது போன்றது எனலாம். வெயிலுக்குக் கண்ணை மூடுபவனை, சூரியன்மீது வெறுப்புக் கொண்டவன் என்று யாரேனும் சொல்வார்களா?

2002இல் அமி கிளின் குழுவினர், கண் அசைவைக் கணிக்கும் கருவி கொண்டு, ஆட்டிசம் உள்ள 15 பேரை ஒரு திரைப்படம் பார்க்கச் செய்தனர். மற்றவர்கள் பாத்திரங்களின் கண்களை நோக்கிய நேரத்தில் இவர்கள் வாயையும் பொருள்களையும் நோக்கினர். ஆயினும் வாயை மிகுதியாக நோக்கியவர்களே, பொருள்களை நோக்கியவர்களைவிடச் சமூக வாழ்வில் நன்கு பொருந்தியவர்களாக இருந்தனர். அவர்கள் முகத்தைப் புறக்கணிக்கவில்லை. சொல் பிறக்கும் இடத்தில் பொருளைத் தேடினார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

இவை எல்லாவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது 2008இல் கேரன் பியர்ஸ், எலிசபெத் ரெட்கே ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்வு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அயலாரின் முகங்களைக் காட்டியபோது பியூசிபார்ம் மடிப்பு குறைவாக இயங்கியது. அவர்களுடைய தாயின் முகத்தைக் காட்டியபோதோ, மற்றக் குழந்தைகளிடம் இயங்குவது போலவே இயங்கியது.

இதை அக்காளிடம் சொன்னேன். அவள் இலை நறுக்குவதை நிறுத்தவில்லை. சற்று நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைகளோட அம்மாமாருகிட்ட இதச் சொன்னாகளா?" என்று மட்டும் கேட்டாள்.

சில குழந்தைகளிடம் கண்டதை எல்லாக் குழந்தைகளுக்கும் விதியாக்கக் கூடாது என்பதை அறிவியல் மாணவன் மறக்கலாகாது. ஆனால் 'முகம் பார்க்காத பிள்ளைக்குப் பாசம் இல்லை' என்பதும் ஒரு விதியாகத்தானே சொல்லப்படுகிறது? அதனை உடைக்க இந்தச் சில குழந்தைகளே போதும்.

நமக்கு மட்டும் அவர்கள் முகம் தெரிகிறதா?

ஆட்டிசம் உள்ளவரும் அறிஞருமான டேமியன் மில்டன் என்ற ஆங்கிலேயர், 2012இல் ஒரு கருத்தை முன்வைத்தார். புரியாமை ஒருபக்கம் மட்டும் இல்லை, இருபக்கமும் இருக்கிறது என்பதே அது. எவ்வளவு நேர்மையான சொல்! என் மருமகன் மகிழ்ந்தால் சிரிக்கமாட்டான். விரல்களை முகத்தருகே கொண்டுவந்து அசைப்பான். அச்சம் கொண்டால் முகம் வெளிறாது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வான். இதனைப் படிக்க அவனோடு பழகியவர்களுக்கே தெரியும். நம் மொழியை அவன் படிக்கவில்லை என்று குறை கூறும் நாம், அவன் மொழியில் ஓர் எழுத்தாவது கற்றோமா?

மறுப்பும் விடையும்

"அப்படியானால் முகம் பார்க்கக் கற்றுத்தரவே வேண்டாமா? அயலானையும் உறவினனையும் பிரித்தறியாத பிள்ளை ஆபத்தில் விழுவானே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கற்றுத்தரத்தான் வேண்டும். முகம் அறியும் பயிற்சிக்கென்று கணினி விளையாட்டுகள் செய்து, குழந்தைகளிடம் ஓரளவு முன்னேற்றம் கண்டதாக ஜேம்ஸ் டனாக்கா குழுவினர் 2010இல் வெளியிட்டுள்ளனர். ஆனால் பயிற்சி வேறு, பரீட்சை வேறு. விளையாட்டாக, பிள்ளை தாங்கும் அளவில் தருவது பயிற்சி. முகவாயைப் பிடித்து நிமிர்த்துவது பயிற்சியன்று, வன்முறை. பள்ளியில் இடம் தருவதற்கு அதை நிபந்தனையாக்குவது அநீதி.

அது சட்டத்துக்கும் ஒவ்வாது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலேயே ஆட்டிசம் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் அதுவும் ஒன்று. அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் இக்குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஆணை. 'முகம் பார்த்துப் பேசினால்தான் இடம்' என்று அதில் எங்கும் எழுதப்படவில்லை.

பள்ளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சீருடை ஏழை பணக்காரன் வேற்றுமையை மறைக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளையாகிய நான் அதனைப் போற்றுகிறேன். ஆயினும் உடையாலும் முடியாலும் ஆளை அறிகின்ற ஒரு குழந்தையின் நிலையை எண்ணுங்கள். ஒரே நிறச் சட்டை, ஒரே இரட்டைச் சடை, ஒரே ரிப்பன். அவன் பற்றியிருந்த கைப்பிடிகள் அத்தனையும் காலை மணி அடித்ததும் மறைந்துவிடுகின்றன. நாற்பது பேர் நடுவில் அவன் தனியன். அவன் ஒதுங்கி அமர்ந்தால், 'பழகத் தெரியாதவன்' என்று பெயர் சூட்டுகிறோம்.

இதற்குப் பரிகாரம் சீருடையை நீக்குவது அன்று. செலவில்லாத வழிகள் உள்ளன. என் மருமகன் இப்போது வேறொரு தொடக்கப் பள்ளியில் படிக்கிறான். அங்குள்ள ஆசிரியை காலையில் அவனருகே வந்ததும் முதலில் தம் பெயரைச் சொல்கிறார். பக்கத்தில் அமரும் பிள்ளைகளையும் பெயர் சொல்லிப் பேசப் பழக்கியிருக்கிறார். இடத்தை மாற்றுவதில்லை. 'என்னைப் பார்' என்பதில்லை. 'நான் சொல்வதைக் கேள்' என்கிறார். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே விடை சொல்கிறான். விடை சரியாகவே இருக்கிறது.

நாம் செய்யத் தக்கவை

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை பி.எட். படித்து ஆசிரியராகப் போகிறவர்கள். சிலர் அலுவலகங்களில் அமர்ந்து மற்றவர்களை நேர்காணல் செய்யப் போகிறவர்கள். எல்லாருமே யாரோ ஒரு குழந்தைக்கு மாமனாகவோ அத்தையாகவோ இருப்பவர்கள். நான் கேட்பது பெரிதொன்றும் இல்லை. அத்தகைய குழந்தையைக் கண்டால் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எதிரே குனிந்து கண்ணுக்குள் பார்க்காமல் அருகில் அமருங்கள். விடைக்குக் காத்திருங்கள். அந்தக் குழந்தையின் தாயிடம், அவள் கேளாமலேயே, 'இது உன் வளர்ப்பின் குற்றமன்று' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் ஏதேனும் ஒரு சிற்றூரில் நடைபெறுகிறது. மரம் நடுகிறோம், தெருவைத் தூய்மை செய்கிறோம். அடுத்த முகாமில் ஒரு மாலைப்பொழுதை அவ்வூர் அங்கன்வாடிப் பணியாளர்களோடும் தாய்மார்களோடும் அமர்ந்து ஆட்டிசம் பற்றிப் பேச ஒதுக்கலாகாதா? விலங்கியல் துறை மாணவர்கள் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை எழுதித் தர ஆயத்தமாக உள்ளோம்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியலாம். முகத்தில் தெரியாத காரணத்தால் அகத்தில் அழகில்லை என்று பழமொழி சொல்லவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டவர்கள் நாம். சேர்த்ததை நீக்குவதும் நம் கையில்தான் இருக்கிறது.